எங்கள் பதிவுகளின்படி

ஒன்பது பேர் மட்டுமே வேலை பார்த்த அந்தச் சின்ன விளையாட்டு நிறுவனத்தில் அவளை எல்லாரும் மைனா என்றுதான் கூப்பிட்டார்கள். கணினி நிரல் எழுதும்போது வாய் ஓயாமல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பாள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்.

மூன்று வருடம் மாய்ந்து மாய்ந்து அவர்கள் செய்த கணினி விளையாட்டின் பெயர் ‘உப்புக்காற்று’. ஆடுகிறவருக்கு வெறும் தீவு ஒன்று கிடைக்கும். படகுத்துறை கட்டலாம், தெரு போடலாம், கரை ஒதுங்கும் ஆட்களுக்கு வீடு கொடுக்கலாம். சண்டை கிடையாது, அவசரமும் கிடையாது. பாதியில் எழுந்து போய் ஒரு மாதம் கழித்து வந்தாலும் விட்ட இடத்தில் தீவு அப்படியே இருக்க வேண்டும். அப்படி இருக்கும்படி ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் பகுதி முழுக்க மைனாவின் கைவேலை.

வெளியீடு ஏற்கெனவே இரண்டு தரம் தள்ளிப்போயிருந்தது. மூன்றாவது தேதிக்கு எட்டு நாள் இருக்கும்போது பூதக்கண்ணாடி ஒரு பிழையோடு வந்து நின்றான். ஆட்டங்களைச் சோதித்துப் பார்ப்பது அவன் வேலை. யார் கண்ணுக்கும் படாதது அவன் கண்ணில் பட்டுவிடும். ஒரே கருவியில் இரண்டு பேர் தனித்தனிக் கணக்கு வைத்து ஆடினால், சில சமயம் ஒருவருடைய தீவு காணாமல் போய், அந்த இடத்தில் வெறும் தீவு வந்து உட்கார்ந்துகொள்கிறது என்றான். நாற்பது தடவை ஆடியதில் இரண்டு தடவை.

மைனா ஒரு பகல் முழுக்க ஆடிப் பார்த்தாள். அவளுக்கு ஒருமுறைகூட அப்படி நடக்கவில்லை.

“பூதக்கண்ணாடிக்குக் கொசுவும் யானை சைசுலதான் தெரியும்” என்று பக்கத்து மேசையில் படம் வரைகிறவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மைனாவும் சிரித்தாள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஒரு வாரமாக அலுவலகத்துச் சோபாவில்தான் படுக்கை.

“எல்லா பிழையையும் பிடிச்சு முடிச்சுட்டுத்தான் வெளியிடணும்னா, என் பேரப்பிள்ளைங்கதான் வெளியிடணும். உனக்கு வரலைல்ல? மூடிடு மைனா. வெளிய போன பிறகு வந்தா பாத்துக்கலாம்.”

அவள் ‘மீண்டும் நிகழவில்லை’ என்று குறித்து அந்தப் புகாரை மூடினாள். பூதக்கண்ணாடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டான்.

ஆட்டம் சொன்ன தேதியில் வெளிவந்தது. நன்றாகவே ஓடியது. கூடவே புகார்களும் வந்தன. அதற்கென்று தனியாக ஆள் வைக்க வசதி இல்லாததால், ஆளுக்கு இரண்டு நாள் என்று முறைவைத்துப் பதில் எழுதினார்கள். மைனாவின் முறை வந்தபோது, ‘என் தீவைக் காணோம்’ என்று வரிசையாகச் சிலர் எழுதியிருந்தார்கள். தூக்கமில்லாமல் மண்டை கனத்துக் கிடந்த ஒரு முற்பகலில், எல்லாருக்கும் பொருந்தும்படி அவள் நான்கு வரி எழுதி வைத்தாள்.

‘எங்கள் பதிவுகளின்படி, உங்கள் சேமிப்பு உங்கள் கருவியிலிருந்தே நீக்கப்பட்டுள்ளது. அதே கருவியைப் பயன்படுத்தும் வேறு ஒருவர் இதைச் செய்திருக்கலாம். தயவுசெய்து உங்கள் வீட்டில் விசாரித்துப் பாருங்கள். உப்புக்காற்றை ஆடுவதற்கு நன்றி.’

பதிவுகள் என்று எதுவுமே அவர்களிடம் இல்லை. யார் வீட்டில் யார் எதை அழித்தார்கள் என்று தெரிந்துகொள்ள எந்த வழியும் கிடையாது. அப்படிப் போட்டால் கடிதத்துக்கு ஒரு கனம் வரும், ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்க மாட்டார்கள். அதற்காகப் போட்டாள். கை தவறி அழித்துவிட்டு நம் தலையில் கட்டுகிறார்கள் என்று அப்போது அவள் மெய்யாகவே நினைத்தாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது. மற்றவர்களும் அதே நான்கு வரியை எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஆக மொத்தம் அறுபத்து மூன்று பேருக்குப் போயிற்று.

பதினோரு மாதம் கழித்து, இரண்டாம் பதிப்புக்காகப் பழைய நிரலைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது, மைனாவின் வாய் சட்டென்று நின்றது. பேச்சு நின்றதைக் கவனித்துப் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

முதல் ஆளின் தீவு சேமிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒரு நொடிக்குள் இரண்டாவது ஆள் தன் கணக்கைத் திறந்தால், ஆட்டம் யார் யார் என்பதை மாற்றி எண்ணிவிடுகிறது. இரண்டாவது ஆளுக்காகத் திறக்கும் வெறும் தீவு முதல் ஆளுடைய தீவின் மேல் எழுதப்பட்டுவிடுகிறது. ஒரே ஒரு வரி. அவளே எழுதிய வரி. சரிசெய்ய இருபது நிமிடம் ஆயிற்று.

பூதக்கண்ணாடியின் மேசைக்குப் போய், “நீ சொன்னது சரிதான்” என்றாள்.

எதைப் பற்றி என்று அவன் கேட்கவே இல்லை. “நாற்பதுல ரெண்டு” என்றான். “நீங்க மூடினதும் நான் மறுபடி திறந்திருக்கணும் மைனா. எல்லாரும் சிரிச்சாங்க. சரி, நமக்கென்னன்னு விட்டுட்டேன்.” அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

முதலாளியிடம் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நல்லவேளை, கண்டுபிடிச்சுட்டே. புதுப்பிப்புல சேத்துடு. குறிப்புல ‘சில சிறு மேம்பாடுகள்’னு போட்டுக்கலாம்.”

“சார், அவங்க வீட்டுல யாரோ அழிச்சாங்கன்னு நாம எழுதினோம்.”

“வருஷம் ஆகப்போகுது மைனா. யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது? ஆறின புண்ணை நாமளே கிளறணுமா?”

அவள் தன் இடத்துக்கு வந்து அந்த அறுபத்து மூன்று கடிதங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். பெரும்பாலானவர்கள் பதில் போடவில்லை. சிலர் திட்டியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் இரண்டே வாக்கியம் எழுதியிருந்தாள்.

‘நன்றி. யார் என்று தெரிந்துகொண்டேன்.’

அந்த இரண்டு வாக்கியத்தையும் எத்தனை தடவை படித்தாள் என்று மைனாவுக்கே தெரியாது. பிறகு யாரையும் கேட்காமல் அந்தப் பெண்ணுக்கு எழுதினாள். தீவு அழிந்தது எங்கள் பிழையால், உங்கள் வீட்டில் யாரும் அதைச் செய்யவில்லை, மன்னியுங்கள் என்று. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ஒரு சலவைக்கடையின் முகவரி, அதன் கீழே: ‘நேரில் வந்து சொல்லுங்கள்.’

கடை அதே ஊரில்தான் இருந்தது, இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரம். உள்ளே நீராவியும் சோப்பு வாசமும் மூச்சை அடைத்தன. எண் சீட்டுக் குத்திய துணிகள் மேலே வரிசையாகத் தொங்க, நடுவில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி சட்டைக் கழுத்து ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மைனா தான் யார் என்று சொன்னதும் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“சொல்லுங்க.”

மைனா சொன்னாள். பூசி மெழுகாமல் சொன்னாள், அந்த எட்டு நாள் கணக்கு உட்பட.

“பதிவுன்னு எழுதியிருந்தீங்களே?”

“அப்படி எதுவும் இல்லைங்க. நானா எழுதினது.”

சலவைக்கடைக்காரி தேய்த்த சட்டையையே மறுபடி மடித்துக்கொண்டு, நடந்ததைச் சொன்னாள். வேலை போய், தங்கை இவளோடு வந்து தங்கியிருந்தாள். ஒரே கருவியில்தான் இரண்டு பேரும் ஆடினார்கள். ஒரு நாள் காலையில், இன்னும் எத்தனை நாளைக்கு இங்கேயே இருக்கப்போறே என்று இவள் வாய் தவறிக் கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் பார்த்தால் இவளுடைய தீவைக் காணோம். கடைசியாக ஆடியது தங்கை.

“நான் தொடலைக்கா, தொடலைக்கான்னு அழுதா. எனக்கும் அரை மனசுதான். அதான் உங்களுக்கு எழுதிக் கேட்டேன். உங்க பதில் வந்ததும் அதை அவ மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். கம்பெனிக்காரங்க பொய் சொல்லுவாங்களாடின்னு கேட்டேன். அவ ஒண்ணுமே பேசலை. துணியை எடுத்துப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டா. பத்து மாசம் ஆச்சு. நான் கூப்பிட்டா எடுக்கிறதில்ல.”

மைனா மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள். கேட்காமலே நின்றாள்.

“இந்த ஆட்டம் போனா போகுது” என்றாள் சலவைக்கடைக்காரி. “நீங்க என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவகிட்ட போய்ச் சொல்லுங்க.” தங்கை இப்போது வேலை பார்க்கும் பார்சல் கிடங்கின் பெயரை எண் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் மைனா விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள். கிளம்பும்போது அவள் கணவன், “நீ என்ன வேணும்னா செஞ்சே?” என்று கேட்டான், தேற்றுவதற்காக.

“வேணும்னு செய்யலை. யோசிக்காம செஞ்சேன். அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானே?” என்றாள்.

கிடங்கின் பின்வாசலில், உணவு இடைவேளையில், தங்கைக்காரி கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் அதே நெற்றி, அதே கண். கையுறையைக் கழற்றாமலேயே மைனா சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

“சரி” என்றாள். “நான் அழிக்கலைன்னு உங்களுக்கு இப்பத்தான் தெரியுது. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“உங்க அக்காவுக்கும் இப்ப தெரியும்ங்க. ரொம்ப வருத்தப்படறாங்க. தப்பு முழுக்க என்னோடது.”

“முழுக்கன்னு நீங்களே எடுத்துக்காதீங்க.” அவள் குரல் உயரவே இல்லை. “உங்களை அவளுக்கு யாருன்னே தெரியாது. என்னைப் பொறந்ததுலேர்ந்து தெரியும். ரெண்டு பேர்ல யாரை நம்பினா? நீங்க ஒரு கடுதாசி கொடுத்தீங்க. நம்பினது அவதான்.”

உள்ளே யாரோ இரும்புத் தள்ளுவண்டியை உருட்டிப் போனார்கள். சத்தம் ஓய்ந்ததும் தங்கைக்காரி கேட்டாள்.

“இதே கடுதாசி எத்தனை பேருக்குப் போட்டீங்க?”

“அறுபத்து மூணு.”

“மத்த வீட்டுல என்ன நடந்துச்சு?”

“தெரியலைங்க.”

“தெரிஞ்சுக்குங்க” என்று எழுந்து, கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் பேருந்தில் மைனா உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள். வீடுகள் வீடுகளாக நினைப்பு ஓடியது. ஏதோ ஒரு வீட்டில் அப்பா பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்திருப்பார். எங்கோ ஒரு கணவன் மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருப்பார்கள். எங்குமே எதுவும் நடக்காமலும் இருந்திருக்கலாம். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அவளால் சொல்ல முடியாது. அதுதான் அவளை அரித்தது.

மறுநாள் காலை அறுபத்திரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுத உட்கார்ந்தாள். முடித்ததும், விளையாட்டின் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஓர் அறிவிப்பும் எழுதினாள். வெளியிடுமுன்பே பிழை எங்களுக்குத் தெரியும். சோதித்தவர் சொன்னார், நான் மூடினேன். எங்களிடம் பதிவுகள் இல்லை. உங்கள் வீட்டில் யாரையாவது நீங்கள் சந்தேகப்பட்டிருந்தால், அவர் அதைச் செய்யவில்லை. அழிந்த தீவை மீட்டுத் தர எங்களால் முடியாது.

அதை வெளியிடுமுன் முதலாளியின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் படித்து முடித்தபோது முகம் காது வரை சிவந்திருந்தது. “நம்ம கழுத்துல நாமளே கத்தி வைக்கச் சொல்றியா? இவங்க எல்லாரும் நம்மளைக் கிழிச்சுத் தொங்க விடுவாங்க.”

“விடட்டும் சார்.”

“உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவே. இங்க ஒன்பது குடும்பம் இருக்கு.”

“அங்க அறுபத்து மூணு இருக்கு சார்.”

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரம் கழித்து, திரும்பாமலேயே, “‘நான் மூடினேன்’னு எழுதியிருக்கே. மூடச் சொன்னது யாரு?” என்றார்.

மைனா அறிவிப்பின் அந்த வரியைப் பார்த்தாள்.

“‘மூடினோம்’னு மாத்து. மாத்திட்டுப் போடு. அப்புறம் ரெண்டு வாரத்துக்கு என் கண்ணுல படாதே.”

அவர் சொன்ன இரண்டு வாரத்தைக் கண்டிப்பாகவே கடைப்பிடித்தார். அறிவிப்புக்குக் கீழே வசவுகள் கொட்டின. ‘மூன்று வருட உழைப்பாம், மூன்று நாள் சோதிக்க முடியவில்லையாம்’ என்று ஒருவர். ‘பிழையை மன்னித்துவிடுவேன், அந்தப் பொய்யை மன்னிக்க மாட்டேன்’ என்று இன்னொருவர். அதை மைனா மறுத்து எதுவும் எழுதவில்லை. நல்லவிதமாக எழுதியவர்களும் இருந்தார்கள். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்ற கடிதங்களைத்தான் அவளால் முழுக்கப் படிக்க முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டவர்களுக்குப் பதில் எழுதுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

மூன்றாவது வாரம் சலவைக்கடைக்காரியிடமிருந்து கடிதம் வந்தது. தங்கை ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாளாம். விட்டுப்போன கம்பளிச் சட்டையை எடுத்துக்கொள்ள. வாசலிலேயே நின்றாளாம். உள்ளே வாடி என்றதற்கு வரவில்லை. இவள் அழுதிருக்கிறாள், அவள் அழவில்லை. போகும்போது, உன் உடம்பு ஏன் இப்படி இளைச்சிருக்கு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாளாம். ‘அவ்வளவுதான் நடந்தது. உங்களிடம் சொல்லத் தோன்றியது’ என்று முடித்திருந்தாள்.

மைனா அதை அச்செடுக்கவில்லை, யாரிடமும் காட்டவுமில்லை. அறுபத்திரண்டு கடிதங்களில் இருபத்தாறுக்குப் பதில் வந்திருந்தது. பதினேழு பேரிடமிருந்து பதில் இல்லை. மீதிப் பத்தொன்பது, அப்படியொரு முகவரி இப்போது இல்லை என்று திரும்பி வந்துவிட்டன. வேறு பெயர்களில், வேறு இடங்களில் அவர்களைத் தேடும் வேலையைத் தினமும் உணவு இடைவேளையில் அவள் செய்துவந்தாள். அந்த மாதத்தில் இரண்டு பேர் கிடைத்தார்கள்.