ஃபார்மலினில் விழுந்த சதை

பிரியாணிக்குத் தம் போட்ட தேக்சாவைத் திறந்து பார்க்கக் கூடாது. அடி பிடிக்கிறதா என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும். என் மூக்குக்குள் திராட்சைக் கொத்து மாதிரி சதை. இரண்டு முறை வெட்டியும் வளர்ந்துவிட்டது. ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் வாசனை வரும், விட்டால் போய்விடும். அந்த மாத்திரையை நம்பித்தான் கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்கிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றாறில் மூன்றாவது முறை வெட்டப் போனபோது டாக்டர் பிரவின்குமார் பிடித்துக்கொண்டான். மேற்படிப்புப் படிக்கிறவன். என் சதையில் அவனுக்கு ஆராய்ச்சி.

"தூசி மட்டும் காரணமில்லீங்க, சஹீர் பாய். உங்க செல்லுங்களே இன்டர்லூகின் அஞ்சுன்னு ஒரு பொருளை அனுப்புது. அது ஒரு வகை வெள்ளணுவைக் கூப்பிடுது. வந்ததைச் சாகவும் விடறதில்லை. கூட்டம் சேந்து வீங்கிப்போகுது. உங்க சதைல அது எவ்வளவு இருக்குதுன்னு அளக்கோணும்."

"பந்திக்கு வந்தவன் எந்திரிக்க மாட்டேங்கறான், உள்ள ஒருத்தன் இன்னும் ஆள் கூப்பிட்டுட்டே இருக்கான். அப்படித்தானுங்க?"

"அதேதானுங்க. மாத்திரை அந்தக் கூப்பாட்டை அமுக்கிப்போடும். அதனால வெட்டறதுக்கு முன்ன ஒரு மாசம் நிறுத்தோணும். வெட்டினப்பறம் வளராம இருக்க மூக்குல அடிக்கற மருந்து எழுதித் தாரேன்."

நிறுத்தினேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கினேன். அந்த மாதத்தில்தான் கரும்புக்கடைப் பகுதியில் ஒரு கல்யாணம். தேக்சா பக்கத்திலேயே நின்றேன், ஒன்றும் தெரியவில்லை. பந்தலுக்குள் இருந்த பெண்கள்தான் தீய்ந்த வாடை பிடித்துக் கத்தினார்கள். பெண்ணின் மாமா சிக்கந்தர் என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார்.

"ஏம்ப்பா, மூக்கை ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டயா?"

அவர் மகள் கல்யாணத்துக்கும் என்னைத்தான் பேசியிருந்தார். மூக்கு சரியானால் வா, இல்லாவிட்டால் இனி எந்த ஊட்டுப் பந்தலுக்கும் வராதே என்றார்.

வெட்டினார்கள். பெரிய டாக்டர் மூக்கில் திணித்திருந்த அடைப்புத் துணியை உருவியதும், மருந்துச் சீட்டுக்காகப் பிரவின்குமார் அறைக்குப் போனேன். உள்ளே அவன் நர்ஸ் அன்புக்கரசியை வறுத்துக்கொண்டிருந்தான்.

"பாயோட சதையை ஐஸ் பெட்டில போடச் சொன்னேனில்ல? ஃபார்மலின் மருந்துல ஊறினா நான் தேடற பொருள் கெட்டுப்போகும், இனி என்னத்த அளக்கறது?"

"தியேட்டர்ல வெட்டற சதை எல்லாம் ஃபார்மலின் பாட்டிலுக்குத்தானுங்க சார் போகும். கை பழகிப்போச்சு. நீங்க பக்கத்துல நின்னிருந்தா வாங்கியிருப்பீங்க. டீ குடிக்கப் போயிட்டீங்க."

அவன் என்னைப் பார்த்தான். முகத்தில் சட்டென்று ஒரு சிரிப்பு.

"பாய், கவலைப்படாதீங்க. அது எப்படியும் வளரும். மருந்து அடிக்காம உட்டா சீக்கிரமே வளரும். அப்ப எடுத்துக்கலாம்."

"சீட்டு எழுதுங்க."

"அவசரப்படாதீங்க, கொஞ்ச நாள்..."

கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றேன். மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. துடைக்கவில்லை.

"எழுதுங்க."

அன்புக்கரசி பேனாவை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். எழுதி, கிழித்து, என் பக்கம் எறிந்தான்.

"இதை அடிச்சாலும் ஒரு நாள் வளரத்தான் போகுது."

"வளரட்டுமுங்க," என்றேன். "வளந்தாலும் அது உங்களுக்கு இல்லீங்க."