மிச்சத் தண்ணீர்

எங்கள் கிணறு என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. ஒரு நாள் நாங்கள் மோட்டார் போட்டால் மறுநாள் அவர்கள். தண்ணீர் இறங்க இறங்க அண்ணன் தம்பிக்குள் பேச்சும் குறைந்துபோனது.

எங்கள் எலுமிச்சை அப்போதுதான் முதல் காய்ப்புக்கு வந்திருந்தது. குடம் குடமாகச் சுமந்து ஊற்றி வளர்த்தவள் நான். சொட்டுநீர்க் குழாய் போட்டால் கோடையைத் தாண்டிவிடும் என்று இவரிடம் கெஞ்சினேன்.

"நான் சொட்டுச் சொட்டா விட்டு மிச்சம் பிடிப்பேன். அண்ணன் அதை அள்ளிக் கரும்புக்குப் பாய்ச்சுவாரு. நான் என்ன இளிச்சவாயனா?" என்றார்.

மோட்டார் கொட்டகையில் ஓரகத்தியைப் பார்த்தபோது சொன்னேன். "எங்க வீட்டுலயும் இதே பாட்டுதான். 'தம்பி குடிக்க நான் வாயைக் கட்டணுமா'ன்னு குதிக்கிறாரு," என்றாள்.

"அப்ப ரெண்டு பேரையும் ஒரே நாள்ல போட வைப்போம்க்கா."

நின்றால் நடந்தால் நச்சரித்தோம். கடைசியில் இறங்கி வந்தார்கள். எங்கள் பசுவை விற்றோம். ஒரே நாளில் இரண்டு தோட்டத்திலும் குழாய் இழுத்தார்கள். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

முறை நாளில் மதியத்துக்குள் மரங்கள் குடித்துவிடும். ஆனால் மோட்டாரை நிறுத்த இவருக்கு மனம் வந்தால்தானே!

"நம்ம முறைத் தண்ணிய எதுக்குக் கிணத்துல விட்டு வைக்கணும்? நாளைக்கு அவரு இறைக்கவா?"

தரிசாகக் கிடந்த மேட்டில் வாழை வைத்து, வாய்க்காலில் திறந்துவிட்டார். அதைப் பார்த்த அண்ணன் சும்மா இருப்பாரா? அவரும் தரிசை உழுது இன்னும் கரும்பு நட்டார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். "உன் மரத்துக்குத்தான் விட்டாச்சே, அப்புறம் என்ன?" என்று வாயை அடைத்தார்.

கோடை பாதிகூட ஆகவில்லை, மோட்டார் வெறும் காற்றை இழுத்தது. முதலில் பிஞ்சுகள் உதிர்ந்தன, பிறகு இலைகள். ஒவ்வொரு மரத்தடியிலும் குழாய் மட்டும் புதுசாகக் கிடந்தது. நான் மண்ணிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

இவர் வரப்பில் நின்று அண்ணன் தோட்டத்தையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கயும் காஞ்சிடுச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"காலையில போய்ப் பாத்தேன், எல்லாம் போச்சு. அக்கா தலையில அடிச்சுக்கிட்டு அழுவுறாங்க. ஒரு கரும்பு தேறல."

இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மனுஷன் வயிறாரச் சாப்பிட்டார்.