நெற்றியில் விழுந்த வட்டம்

உர்சுலா நாற்பது வருஷம் நடித்தாள். மேடையிலும் சினிமாவிலும் அவளுக்கு வந்ததெல்லாம் அம்மா வேஷம்தான். நெற்றியில் எப்போதும் பெரிய ஸ்டிக்கர் பொட்டு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் பூசைக்குப் போகும்போது டாக்ஸியிலேயே அதை உரித்துவிடுவாள். ஆனால் பசை தோலைத் தின்றுகொண்டே இருந்தது. கடைசியில் நெற்றி நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது.

தேக்கா சந்தையில் காய் வாங்கப் போனால் முன்பின் தெரியாதவர்கள்கூட அவளை "அம்மா" என்று கூப்பிடுவார்கள். அண்ணன் லாசரஸ் மட்டும், கிறிஸ்தவப் பெண் பொட்டு வைப்பதா என்று கோபித்துக்கொண்டு, அவளுடைய ஒரு நாடகத்தைக்கூட எட்டிப் பார்த்ததில்லை.

இப்போது குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவள் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

"ஃபாதர் வர்ற நேரம். அந்த வெள்ளைய மறைச்சிடு லா," என்றார் லாசரஸ்.

உர்சுலாவின் மகள் கேட்லின் அம்மாவின் பவுடர் டப்பாவை எடுத்து வந்து, ஒற்றி ஒற்றி அந்த வட்டத்தை மறைத்தாள்.

ஜெபம் முடிந்ததும், கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு விடைகொடுக்கக் குடும்பத்தார் வரிசையில் நின்றார்கள். மூத்தவரான லாசரஸ்தான் முதலில் போட்டார். விரலை எடுக்க மனமில்லாமல் ரொம்ப நேரம் அழுத்திவிட்டார். எடுத்தபோது பவுடரெல்லாம் விரலோடு வந்துவிட்டது. வெள்ளை வட்டம் பளிச்சென்று தெரிந்தது.

"பவுடர் கொண்டாம்மா," என்றார் பதறிப்போய்.

கேட்லின் டப்பாவை மூடினாள்.

"மேக்கப்பக் கலைச்சாச்சு மாமா. இதுதான் அம்மாவோட சொந்த முகம்."