நடுத்துண்டு

விடியுமுன்பே முதலியார்பேட்டை ரசாயனக் கம்பெனியில் வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் ஏசி போடவேண்டுமே, முதலாளி ஹரிகிருஷ்ணனின் நெஞ்சு தாங்குமா? கண் எரிய எரிய, ஹிஸ்டமின் என்கிற வெள்ளைத் தூளை நிறுத்துச் சின்னக் குப்பிகளில் அடைப்பார்கள். மூளையில் நரம்புக்கு நரம்பு சேதி சொல்கிற சரக்காம்; ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் போகிறது. ஒவ்வொரு குப்பியிலும் 'மனிதர் உட்கொள்ளக் கூடாது' என்று லேபிள் வேறு. பறக்கும் தூளை வெளியே இழுக்கிற ஃபேன் பழுதாகிக் கிடந்தது. நிறுக்கிறவர்கள் தினமும் உட்கொண்டார்கள்.

ஒருநாள் அமிர்தவல்லிக்கு முகம் தடித்து மூச்சு இழுத்தது, தராசருகிலேயே விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, தூள்தான் காரணம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. மறுநாளே வேலைக்கு வந்து, ஃபேனைச் சரிபண்ணச் சொல்லி நின்றாள். முதலாளி எல்லாரையும் கூட்டித் தீர்ப்புச் சொன்னார்.

"வீராம்பட்டினத்து மீனவப் பொண்ணு. கெட்டுப்போன மீன்லயும் இதே ஹிஸ்டமின்தான் ஊறும். அதத் தின்னுட்டு ஃபேன் மேல பழி போடுது. இனிமே மீன் திங்கறவங்க யாரும் நிறுக்கக் கூடாது. அமிர்தவல்லி கணக்க முடிச்சிக்கலாம்."

பெரிய படிப்பு படித்த வாய். ஓட்டலில் முள் எடுத்து அவர் தட்டில் வைக்கிற துண்டு மட்டும் மீன் கணக்கில் வராது போலும்.

அவள் இடத்துக்குக் குப்பி அடைக்கிற வேம்புவைக் கூப்பிட்டார். வேம்பு பிறந்ததிலிருந்து சைவம். முட்டை வெந்த பாத்திரத்தைக்கூடத் தொடமாட்டாள். கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"நானும் மீன் துன்னேன் சார். நேத்து நெத்திலிக் குழம்பு. நடுத்துண்டு நான்தான் எடுத்துக்கினேன்."

விரல் நீளம் நெத்திலிக்கு நடுத்துண்டு! அமிர்தவல்லி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்துத் தராசில் நிறுக்கிற தெய்வசிகாமணியைப் பார்த்தார். அவரும் தின்றாராம். லேபிள் ஒட்டும் நிர்மலாவும் தின்றாளாம்.

"அப்ப யாருதான் நிறுக்கறது?"

"ஃபேன சரி பண்ணுங்க, அமிர்தவல்லியும் வரட்டும். இல்லன்னா நீங்களே உள்ள போயி நிறுங்க சார். நீங்கதான் நல்ல மீனா திங்கறவராச்சே" என்றார் தெய்வசிகாமணி.

முதலாளி நிறுவை அறைக் கதவைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். மீன்தான் காரணம் என்று முழங்கிய மகராசன்! த்தூ.

எல்லாரும் வெளியே போய் கேட் ஓரம் உட்கார்ந்தார்கள். முதலாளி போனில் வேறு ஆள் தேடினார். போலீஸ் வரும் என்று மிரட்டினார். யாரும் எழுந்திருக்கவில்லை.

"தப்பா சொல்லிட்டனா?" என்று வேம்பு மெதுவாகக் கேட்டாள்.

"நெத்திலிக்கு ஏதுக்கா நடுத்துண்டு? நாளைக்குக் கேட்டா வஞ்சிரம்னு சொல்லு" என்றாள் அமிர்தவல்லி.

"நாளையோட முடியுமா? ஃபேன் ஓடறவரைக்கும் தினம் ஒரு மீன் பேரு சொல்லிக்குடு" என்றாள் வேம்பு.