அஜீசாக்காவின் கை

மேற்குத் தாம்பரத்தில் டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் கிளினிக்குக்கு வந்தவர்களில் பாதிப்பேர் டாக்டருக்காக வந்தார்கள். மீதிப்பேர் அஜீசாவிடம் ஊசி போட்டுக்கொள்ள வந்தார்கள். இதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. அஜீசா நர்ஸ் படித்தவள் அல்ல. பத்தாவது முடித்த கையோடு டோக்கன் கொடுக்க வந்தவளை டாக்டர்தான் பக்கத்தில் நிற்கவைத்துப் பழக்கினார். அன்றைக்கு எல்லாக் கிளினிக்கிலும் அதுதான் வழக்கம். சர்டிபிகேட் எங்கே என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அந்த நாட்களை நினைத்தால் அஜீசாவுக்கு இப்போதும் மனசு இளகிவிடும். கண்ணாடி சிரிஞ்சுகள் வெந்நீரில் கொதிக்கிற சத்தம், ஸ்பிரிட் வாசனை, மின்சார ரயில் கடக்கும்போது லேசாக அதிரும் ஜன்னல். பச்சைத் திரைக்குப் பின்னால் அழுதுகொண்டே வந்த பிள்ளைகள் வளர்ந்து, மேடவாக்கத்திலும் பெரும்பாக்கத்திலும் குடியேறி, தங்கள் பிள்ளைகளையும் அவளிடமே தூக்கிக்கொண்டு வந்தார்கள். அஜீசாக்கா கையால் போட்டால் வலிக்கவே வலிக்காது என்பார்கள். அவளும் அதை நம்பினாள்.

டாக்டர் காலமானபின் மகள் மிருதுளா அந்த நாற்காலிக்கு வந்தாள். பதிவைப் புதுப்பிக்க வந்த அதிகாரிகள் கேட்ட முதல் கேள்வியே இங்கே ஊசி போடுவது யார் என்பதுதான். டாக்டரோ பதிவு பெற்ற நர்ஸோ மட்டும்தான் போடலாம். உதவியாளர் டோக்கன் கொடுக்கலாம், எடை பார்க்கலாம், அதோடு சரி. மீறினால் கிளினிக்கை மூடவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"சட்டம் அப்படி இருக்குக்கா. உங்க மேல தப்பே இல்ல," என்றாள் மிருதுளா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சரிங்க டாக்டர்," என்றாள் அஜீசா. தனியாக இருக்கும்போது அதுவரை பாப்பா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

குன்றத்தூரிலிருந்து கிறிஸ்டினா என்ற நர்ஸ் வேலைக்கு வந்தாள். முறையாகப் படித்தவள், நிதானமான பெண். ஆனால் அவளிடம் கையை நீட்டத்தான் ஆள் இல்லை. வந்தவர்கள் மிருதுளாவிடம் சீட்டை வாங்கிக்கொண்டு, மருந்தையும் சிரிஞ்சையும் மெடிக்கலில் வாங்கி, நேராக அஜீசா வீட்டுப் படியேறினார்கள். திரிபுரசுந்தரி டீச்சரும் அப்படித்தான் வாராவாரம் போடும் சத்து ஊசியோடு வந்து நின்றார். ஏரியாவில் பாதிப்பேருக்கு அவர்தான் கணக்கு டீச்சர். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. கதவைச் சாத்திப் போட்டுவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று கணவர் உஸ்மான்கூடச் சொல்லிப் பார்த்தார். அஜீசா டீ கொடுத்து எல்லோரையும் திருப்பி அனுப்பினாள். கிறிஸ்டினாவிடம் போங்கள் என்று மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அவர்கள் தேடி வந்தது பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்?

அந்தப் பெருமை ரொம்ப நாள் நிலைக்கவில்லை. டீச்சர் யாரோ ஒரு அரைகுறை ஆளிடம் போய் ஊசி போட்டுக்கொள்ள, இடது கை வீங்கிச் சீழ் பிடித்துவிட்டது. கட்டும் காய்ச்சலுமாகக் கிளினிக்குக்கே வந்து சேர்ந்தார். கிறிஸ்டினாவோ எனக்கு இங்கே என்ன வேலை இருக்கு, ஊருக்கே போகிறேன் என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நம் பேருக்கு ஆசைப்பட்டு இத்தனை பேரை இழுத்தடித்துவிட்டோமே என்று அஜீசாவுக்கு நெஞ்சு கனத்தது.

கட்டுப் பிரித்த அன்று மிருதுளா டீச்சருக்கு வலது கையில் போட ஓர் ஊசி எழுதினாள். டீச்சர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"அஜீசா போடறதா இருந்தா போடட்டும். இல்லன்னா எனக்கு ஊசியே வேண்டாம்."

கூடமே திரும்பிப் பார்த்தது. மிருதுளாவும் அஜீசாவைத்தான் பார்த்தாள். இந்த ஒரு தடவை என்று அந்தப் பெண் வாயெடுத்துவிடுவாளோ என்று அஜீசாவுக்குப் பயமாக இருந்தது. சொன்னால் தன்னால் மறுக்க முடியாது என்பதும் தெரிந்தது. விரல்கள் பஞ்சைத் தேடின. அவள் முந்திக்கொண்டாள்.

"ஸ்டாஃப் எல்லாம் ஃப்ளூ ஊசி போட்டுக்கணும்னு சொன்னீங்களே டாக்டர், நான் இன்னும் போட்டுக்கல. மொதல்ல கிறிஸ்டினா எனக்குப் போடட்டும். டீச்சர், நீங்க கொஞ்சம் துணைக்கு வாங்க."

பச்சைத் திரைக்குப் பின்னால், இத்தனை வருஷம் மற்றவர்களை உட்காரவைத்த முக்காலியில் அஜீசா உட்கார்ந்தாள். கடைசிப் பிரசவத்துக்கு அப்புறம் அவள் உடம்பில் ஊசி பட்டதே இல்லை. கிறிஸ்டினா ஒரு குறையும் வைக்காமல்தான் போட்டாள். ஆனால் வலித்தது. நன்றாகவே வலித்தது. அஜீசா பல்லைக் கடித்துக்கொண்டு டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள்.

"வலிக்கவே இல்ல டீச்சர்," என்றாள், கூடத்துக்கே கேட்கிறமாதிரி.

டீச்சர் ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு முக்காலியில் உட்கார்ந்து கிறிஸ்டினாவிடம் கையை நீட்டினார். வெளியே காத்திருந்தவர்களில் இரண்டு பேர், டீச்சரே போட்டுக்கொண்டாரே என்று, தாங்களாகவே எழுந்து திரைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள்.

போகும்போது டீச்சர் டோக்கன் மேஜை அருகே நின்று, தோளைத் தேய்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"பொய்தானே சொன்னே?"

"ஆமா டீச்சர்," என்றாள் அஜீசா. "இத்தனை வருஷமா நீங்கல்லாம் எங்கிட்ட சொன்னீங்களே, அதே பொய்தான்."