கூ ஹான்பியோலுக்கு ஒரு ஓட்டு

கொரியாவில் எங்கள் ஊர் குன்சானில் துறைமுகத்துப் பக்கம் ஒரு குளியல்கூடம் இருக்கிறது. மாடியில் சூட்டு அறைகள், கீழே பெரிய ஹால். ஹாலில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு அரைக்கால் டிராயரும் பனியனும்தான். பேங்க் மேனேஜரா, மீன் வெட்டுகிறவளா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, சுவரை அடைத்து நிற்கும் டிவியைப் பார்க்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் அதில் நடனப் போட்டி ஓடும். நான் போவது அதற்காகத்தான்.

வீட்டிலும் டிவி இருக்கிறது. ஆனால் மகள் கல்யாணமாகி சுவோன் நகரத்துக்குப் போன பிறகு, வீட்டில் உட்கார்ந்து "ஐயோ, கால் தவறிடுச்சே!" என்று கத்தினால் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் உர்ரென்கிறது. போட்டியின் இணையப் பக்கத்திலும் எழுதிப் பார்த்தேன். ஒரு பெண்ணின் கை அசைவைப் பற்றி ராத்திரி சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட்டு நீளமாக எழுதினேன். "ஆன்ட்டி, போய்த் தூங்குங்க" என்று யாரோ கீழே ஒரு வரி போட்டார்கள். அத்தோடு விட்டுவிட்டேன்.

ஹாலில்தான் அந்த அக்கா கிடைத்தாள்.

முதல் வாரம் பக்கத்துப் பாயில் இருந்தாள். அறுபது வயதிருக்கும். கன்னங்கரேலென்று சாயம் போட்ட சுருட்டை முடி. டிவியில் சேயின் என்ற பெண் ஆடிக்கொண்டிருந்தாள். மரபு நடனம் படித்தவள். அவள் கை தோளிலிருந்து புறப்பட்டு விரல் நுனிக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு மூச்சு நின்றுவிடும். கண் கலங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன இவ, துணி காயப்போட்டுட்டு இருக்கா?" என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது.

எனக்குச் சுருக்கென்றது. அடுத்து கூ ஹான்பியோல் வந்தாள். தலையில் ஒரு பக்கம் மழித்திருப்பாள். முட்டியும் முழங்கையுமாக வெட்டி வெட்டி ஆடுவாள். பக்கத்துக்காரி எழுந்து உட்கார்ந்து தொடையில் தட்டி, "அடி என் தங்கமே!" என்றாள்.

"தங்கமா? கரண்ட் கம்பியத் தொட்ட மாதிரில்ல இருக்கு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் என்னை ஒரு நிமிஷம் முறைத்தாள். அப்புறம் ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"உனக்கும் வாய் இருக்கு தங்கச்சி. இந்தா, முட்டை சாப்பிடு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் சண்டைதான். அவள் சேயினைத் துணி காயப்போடுறவ என்பாள். நான் ஹான்பியோலைக் கரண்ட் கம்பி என்பேன். நடுவர்கள் எங்கள் இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவார்கள். வாரா வாரம் ஒரு பெண் வெளியேறுவாள். நேற்றுவரை நாங்கள் கண்டுகொள்ளாத பெண்ணாக இருந்தாலும் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சுவோம். "இவ அம்மா எங்க உக்காந்து பார்த்துட்டு இருக்காளோ" என்பாள் அக்கா. முடிந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விடுவாள்.

வாரத்தின் மற்ற நாட்களில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே பாத்திரச் சத்தத்தில் யாரும் யாருடனும் பேச முடியாது. அதனால் அந்த அக்காவிடம் சொல்வதற்காகவே மனதுக்குள் சில வசவுகளைத் தயார் செய்து வைப்பேன்.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. அவளுக்கும் என் பெயர் தெரியாது. முதல் வாரமே கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இவ்வளவு சிரித்த பிறகு போய், "உங்க பேரென்ன?" என்று கேட்டால், இத்தனை நாளும் தெரியாமலா சிரித்தோம் என்று ஆகிவிடாதா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஹான்பியோல் சறுக்கினாள். சுழன்று வந்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்க முடியாமல் இரண்டு எட்டு தள்ளிப் போய்விட்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் மூச்சு வாங்க நின்றபோது அவள் கீழுதடு நடுங்கியதைக் கேமரா கிட்டே போய்க் காட்டிவிட்டது.

அக்கா பனியன் நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவைதானே அக்கா" என்றேன்.

"போச்சு. இன்னிக்கு இவ போயிருவா." பனியனை விட்டுவிட்டுச் சொன்னாள்: "இவ போயிட்டா நான் எதுக்கு ரெண்டு பஸ் மாறி இங்க வரணும், சொல்லு? எங்க வீட்டுக்குக் கீழயே குளியல்கூடம் இருக்கு. அங்க ஆம்பளைங்க டிவியில பேஸ்பாலை வச்சுட்டு எழுந்திரிக்க மாட்டேங்கிறானுங்க, அதான் இங்க வர்றேன். இனிமே அவனுங்களோட பேஸ்பாலே பார்க்க வேண்டியதுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் பாய் காலியாகக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்தேன்.

விளம்பரம் வந்தது. ஓட்டுப் போடும் நேரம். ஒரு போனுக்கு ஒரு ஓட்டு, ஆட்டக்காரியின் எண்ணை அனுப்ப வேண்டும். சேயின் அன்று நன்றாகத்தான் ஆடியிருந்தாள். என் ஒரு ஓட்டு இல்லாவிட்டால் அவளுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். டவலுக்கடியில் போனை வைத்துக்கொண்டு ஹான்பியோலின் எண்ணை அழுத்தினேன்.

"போட்டாச்சா?" என்றாள் அக்கா.

"போட்டாச்சு."

"துணி காயப்போடுறவளுக்குத்தானே?"

"வேற யாருக்கு?"

"நல்லா இரு. எதிரின்னா இப்படித்தான் இருக்கணும்."

ஓட்டில் கடைசியாக வந்த இரண்டு பேரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஹான்பியோல் வருவாள் என்று தெரியும். அவள் பக்கத்தில் வந்து நின்றது சேயின்.

அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். டிவியில் இரண்டு பெண்களும் கை கோத்து நின்றார்கள். இங்கே நாங்களும் அப்படியே. தொகுப்பாளர் வழக்கம்போல இழுத்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி இழுத்தார். மிகச் சொற்ப ஓட்டு வித்தியாசம் என்றார். பிறகு சேயின் மேலிருந்த விளக்கு அணைந்தது.

அக்கா துள்ளி எழுந்து கத்தினாள். பாதியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைக் கீழே போட்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"ஏய், அழறியா?"

"இல்ல. வேர்வை."

"இங்க எங்க சூடு இருக்கு, வேர்க்கிறதுக்கு?" முதுகில் தட்டினாள். "நல்லாத்தான் ஆடினா அந்தப் பொண்ணு. கையெல்லாம் நல்லா இருந்துச்சு. இத்தனை நாள் உன்னைச் சீண்டுறதுக்குத்தான் சொன்னேன்."

அதைக் கேட்டதும் இன்னும் அழுகை வந்தது. சொற்ப வித்தியாசம் என்றாரே, அதில் நான் எவ்வளவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை யாரிடம் சொல்ல?

"அடுத்த வாரம் வருவியா?" என்று கேட்டாள். "உனக்குத்தான் ஆளே இல்லையே."

"வருவேன். உங்க கரண்ட் கம்பி எப்ப அறுந்து விழுதுன்னு பார்க்கணும்ல."

"அப்படி வா வழிக்கு!" என்று சிரித்துக்கொண்டே எழுந்தாள். பேரைக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் டவலைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை சீக்கிரமே போய் இரண்டு பாய் விரித்தேன். போட்டி தொடங்கிவிட்டது. அவள் வரவில்லை. பஸ் தாமதமாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் ஆட்டம் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. எழுந்து போய்க் கவுன்ட்டரில் கேட்டேன்.

"அந்த அக்கா இன்னிக்கு வந்தாங்களா?"

"எந்த அக்கா?"

"சனிக்கிழமை வருவாங்களே. சுருட்டை முடி. சத்தமா சிரிப்பாங்க."

கவுன்ட்டர்க்காரி சாவிகளை மாட்டிக்கொண்டே, "அம்மா, இந்த ஊர்ல உங்க வயசுல சுருட்டை முடி இல்லாதவங்க யாரு?" என்றாள். கெட்டவளில்லை. அன்று கூட்டம்.

திரும்பி வந்தபோது ஹான்பியோல் ஆடிக்கொண்டிருந்தாள். முந்தின வாரம் சறுக்கிய அதே சுழற்சியை மறுபடி வைத்திருந்தாள். சுழன்றாள், நின்றாள், ஆணி அடித்த மாதிரி. "பாரு, கரண்ட் வந்துருச்சு!" என்று நான் இடது பக்கம் திரும்பிச் சொன்னேன். காலிப் பாய். அதற்கு அந்தப் பக்கம் இரண்டு கல்லூரிப் பெண்கள் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இங்க யாராவது வர்றாங்களா?"

"வருவாங்க" என்றேன்.

அவளுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். பேரப் பிள்ளைகள் வந்திருக்கலாம். இல்லை, எனக்காகத்தான் வராமல் இருந்தாளோ என்னவோ. ஆள் தோற்றுப் போனவளின் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டச் சங்கடமாக இருந்திருக்கும். ஆனால் ஹான்பியோல் போட்டியில் இருக்கிறவரை, ஒரு சனிக்கிழமை இல்லாவிட்டால் இன்னொரு சனிக்கிழமை அவள் இரண்டு பஸ் மாறி வந்துதான் ஆகவேண்டும்.

விளம்பரம் வந்தது. என் ஓட்டைப் போட்டேன். இந்த முறை டவலுக்கடியில் ஒளிக்கவில்லை. ஒளிக்க ஆளில்லை. ஒரு ஓட்டு போதுமா என்று பயமாக இருந்தது. காலிப் பாயைத் தாண்டி எட்டிக் கேட்டேன்.

"பிள்ளைங்களா, நீங்க ஓட்டுப் போட்டாச்சா?"

"நாங்க இந்த ஷோ பார்க்கிறதில்ல ஆன்ட்டி."

"அப்ப சும்மாதானே இருக்கு உங்க ஓட்டு. கூ ஹான்பியோலுக்கு ஆளுக்கு ஒண்ணு போடுங்களேன். நம்பர் நான் சொல்றேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். "அவ்வளவு பிடிக்குமா உங்களுக்கு அவங்கள?"

"எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. முழங்கையாலேயே ஆடுறா" என்றேன். "நேரம் முடியப் போகுது, சீக்கிரம் போடுங்க."