இரும்புலியூர் வரைக்கும் பேச்சு

1

இந்தக் கதை கேட்டு வாங்கப்பட்டது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஊரப்பாக்கம் பக்கம் ஒரு பள்ளியில், சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் வாசிப்பதற்கு, "புல்லியிங் பத்தி ரெண்டு பக்கத்துல ஒரு கதை வேணும் சார்" என்றார்கள். கேட்கப்பட்டவர் அஸ்தினாபுரம் சூர்யநாராயணன். பத்திரிகைகளில் நாலைந்து கதை வந்திருக்கிறது; மகள் மிருதுளா அங்கே ஏழாம் வகுப்பு. இந்தத் தகுதி போதும் என்று பள்ளி நினைத்தது. அவரும் நினைத்தார்.

2

முதல் தொடக்கம்: 'கிழிந்த சட்டையோடு அவள் வீட்டுக்கு வந்தபோது…' (அடித்தாயிற்று. சினிமாத்தனம்.)

இரண்டாவது: 'அவளுடைய டிபன் பாக்ஸை யாரோ ஒளித்து…' இதை மிருதுளா அவர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள்.

"அதெல்லாம் யாரும் பண்ண மாட்டாங்கப்பா. மிஸ் கண்டுபிடிச்சிடுவாங்க."

"அப்புறம் என்ன பண்ணுவாங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அவ வேன்ல ஏறினதும் எல்லாரும் பேச்ச நிறுத்திடணும். ஸ்கூல் வர்ற வரைக்கும். யார் ஃபர்ஸ்ட் பேசறாங்களோ அவங்க அவுட்."

எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு விவரம் கிடைத்தால் கை சும்மா இருக்காது. சூர்யநாராயணன் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். 'சந்தோஷமாக' என்ற சொல்லை அவர் பிற்பாடு அடிக்கப் பார்த்தார். நாம் விட்டுவைப்போம்.

3

(கதைச் சிறுமிக்கு ஏன் பெயரில்லை? எந்தப் பெயர் வைத்தாலும் அந்தப் பள்ளியில் அந்தப் பெயரில் ஒரு பிள்ளை இருக்கிறது.)

பின்னணிக்காக வேன் டிரைவர் மோகன்ராஜ் போன வாரம் பெருமையாகச் சொன்னதை ஏற்கெனவே சேர்த்திருந்தார்: "நம்ம வண்டி பசங்க தங்கம் சார். இரும்புலியூர்ல அந்த நித்யஸ்ரீ பாப்பா ஏறுற வரைக்கும்தான் கூச்சல். அப்பால கம்முனு குந்திகினு வரும்."

இரண்டு பத்திகளும் ஒரே தாளில் அடுத்தடுத்து இருந்தன. சேர்த்துப் படித்ததும் அவர் பேனாவை மூடி வைத்தார்.

"மிருதுளா, இந்த விளையாட்ட யாரும்மா ஆரம்பிச்சது?"

அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான்தான். ஆனா அவள நாங்க ஒரு வார்த்தை திட்டினதில்லப்பா."

"எத்தனை நாளா?"

"ஜூன்லேர்ந்து."

இது நவம்பர். நடுவில் வந்த ரிப்போர்ட் கார்டில் மிருதுளாவின் நடத்தை 'மிக நன்று'. கையெழுத்துப் போட்டவர் இவரேதான். நம் பிள்ளையின் உடம்பில் காயம் இருக்கிறதா என்று தேட எல்லோருக்கும் தெரியும். நம் பிள்ளை யாருக்காவது காயம் கொடுத்ததா என்று தேட யாரும்…

(இந்த வாக்கியம் பிரசங்கமாகப் போகிறது. இதோடு விடலாம்.)

4

முடிவு ஒன்று: மிருதுளா அழுது மன்னிப்புக் கேட்கிறாள். (அவள் அழவில்லை. "நாளைலேர்ந்து பேசறேன், போதுமா?" என்றாள். போதுமா என்று அவருக்கும் தெரியவில்லை.)

முடிவு இரண்டு: பெயர்களை மாற்றிக் கூட்டத்தில் வாசிக்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். (நித்யஸ்ரீயின் அம்மாவும் தட்டுவார். அதைத் தாங்க முடியாது.)

முடிவு மூன்று: வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரே இரும்புலியூர் போகிறார். இதுதான் நடந்தது. நித்யஸ்ரீயின் அம்மா ரமா கதவைத் திறந்தார்.

"மிருதுளா அப்பாவா? வாங்க சார். வேன்ல இவள ஏத்தும்போது தினம் பாக்கறேன், எவ்ளோ அமைதியான பொண்ணு உங்க பொண்ணு. இவளும் இருக்காளே, ஸ்கூல் விட்டு வந்தா தூங்கற வரைக்கும் ஓயாத பேச்சு. யாரும் இல்லன்னா ஃபேன்கிட்டகூட பேசுவா. மிருதுளாவப் பாத்துக் கத்துக்கோடின்னு தினம் திட்டறேன்."

அவருக்கு அவமானமாக இருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றும் இருந்தது. போகவில்லை.

"மேடம், அவ வீட்ல அவ்ளோ பேசறதுக்குக் காரணம்…"

5

கதையில் இந்த வாக்கியத்தை அவரால் முடிக்க முடியவில்லை. அந்த வாசலில் முடித்தாரா என்பதை இங்கே சொல்வதாக இல்லை. ரமா கதவைப் பிடித்தபடி காத்திருக்கிறார். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். மிருதுளா என்று வரும் இடத்தில் உங்கள் பிள்ளையின் பெயரைப் போடுங்கள். எழுதக் கை வருகிறதா என்று பாருங்கள்.